எஃப்.சி.க்கு ஆறு வாரம் முன்னால்: பழைய பென்ஸ் எஸ்எல்லைத் தயார் செய்யும் முறை

என்னிடம் இருப்பது 1983-இல் கட்டிய மெர்சிடிஸ் பென்ஸ் 280 எஸ்எல். கூரையை மடக்கி வைக்கலாம், இரண்டே கதவு, 2.7 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின். கம்பெனிக்குள் இந்த உடலுக்கு ஆர்107 என்று பெயர். 1971 முதல் 1989 வரை, எஞ்சின் மட்டும் மாறி மாறி, 2,37,287 வண்டிகள் வந்தன. அவற்றில் ஒன்றை நான் பதினான்கு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். இதுவரை ஒன்பது முறை எஃப்.சி. காட்டியிருக்கிறேன், அதாவது வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்த்துச் சான்றிதழ் தரும் சோதனை. ஏழு முறை முதல் தடவையிலேயே தேறியது. இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த இரண்டு முறையும் கோளாறு சோதனை நாளில் வந்ததில்லை. மாதக்கணக்காக இருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை.

இந்த மாதிரி வண்டி ஓடி ஓடித் தேய்வதில்லை. வருடத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். மற்ற நாளெல்லாம் போர்வைக்குள் நிற்கிறது. அப்படி நிற்கும்போதுதான் ரப்பர் இறுகுகிறது, பிரேக் எண்ணெய் ஈரம் குடிக்கிறது, தண்ணீர் போகக் கூடாத இடத்துக்குப் போய்த் தங்குகிறது. எஃப்.சி.யில் இது மாட்டும் காரணங்களில் முக்கால்வாசி இந்த மூன்றில் அடங்கும். அதனால் கிலோமீட்டரைப் பார்க்காமல் நாட்காட்டியைப் பார்த்து வேலை செய்ய வேண்டும். நான் சோதனைக்கு ஆறு வாரம் முன்னால் ஆரம்பிக்கிறேன். பழைய வண்டிக்கு உதிரி பாகம் கேட்டால் வந்து சேர மூன்று வாரம் ஆகலாம். முதல் வாரத்திலேயே குறையைக் கண்டுபிடித்தால்தான் நேரம் போதும்.

முதலில் பழைய அறிக்கைகள்

வண்டிக்குக் கீழே படுப்பதற்கு முன்னால் மேசையில் உட்காருங்கள். கிடைக்கும் பழைய சோதனை அறிக்கைகளை வருட வரிசையில் அடுக்குங்கள். பிரிட்டனில் வண்டி எண்ணைப் போட்டால் பழைய சோதனை முடிவுகளை யாரும் இணையத்தில் பார்க்கலாம். அந்த வசதி இல்லாத இடத்தில் காகிதம்தான் கதி. தேறியதா இல்லையா என்பதைவிட, தேறிய அறிக்கையின் அடியில் எழுதியிருக்கும் எச்சரிக்கைக் குறிப்புகளை நான் முதலில் படிப்பேன். "முன்பக்க பிரேக் குழாயில் லேசான துரு" என்று ஒரு வருடம், "துரு" என்று அடுத்த வருடம், மூன்றாம் வருடம் ஒன்றுமே இல்லை என்றால், குழாயை மாற்றிய பில் இருக்கிறதா என்று தேடுங்கள். பில் இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் யாரோ மேலே கருப்பு அண்டர்கோட்டிங் (வண்டியின் அடிப்பக்கத்துக்குப் பூசும் கனமான பூச்சு) அடித்து மூடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு பாருங்கள்.

சோதனை விதி இடத்துக்கு இடம் மாறும். பிரிட்டனில் 2018 மே முதல், நாற்பது வயது தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிக்கு வருடாந்திரச் சோதனை கட்டாயமில்லை. ஜெர்மனியில் முப்பது வயது தாண்டி வரலாற்று வண்டி என்ற எண் பலகை வாங்கினாலும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை சோதனைக்குப் போகத்தான் வேண்டும். விலக்கு கிடைக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: போய்க் காட்டுங்கள். ரோலரும் லிஃப்டும் வைத்திருக்கும் ஒரு வெளியாள், உங்கள் வண்டிமேல் உங்களைப் போலப் பாசம் இல்லாமல், அரை மணி நேரம் அடியில் நின்று பார்ப்பது பெரிய விஷயம்.

தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது

துருவிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இந்த வண்டியைக் கொல்வது அதுதான். மூடிய காரில் கூரையும் சேர்ந்து உடலைத் தாங்கும். இதில் கூரை துணி. முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பது தரையும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற தகடும்தான். அதை மெக்கானிக்குகள் சில் என்பார்கள். சில்லில் துரு விழுந்தால் அது அழகுப் பிரச்சினை இல்லை, வண்டியின் முதுகெலும்புப் பிரச்சினை. சோதகரும் அப்படித்தான் பார்ப்பார்.

முன்கண்ணாடிக்குக் கீழே, பானட் முடியும் இடத்தில் காற்று உள்ளே போகும் ஜாலி இருக்கிறது. மழைத் தண்ணீரும் அதன் வழியாகத்தான் இறங்கும். அந்தத் தண்ணீர் உள்ளே ஒரு தொட்டியில் சேர்ந்து, வடிகால் வழியாக அடியில் வெளியேற வேண்டும். இலை, பூந்தாது, தூசி எல்லாம் சேர்ந்து அந்த வடிகாலை அடைத்துவிடும். அப்புறம் தண்ணீர் தொட்டியிலேயே நின்று, எஞ்சினுக்கும் கால் வைக்கும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தடுப்புச் சுவரை அரிக்கும். இந்த உடலில் எல்லோரும் பயப்படும் இடம் அது. பழுது பார்க்க வேண்டுமென்றால் டாஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும்.

நான் செய்வது இது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, அடியில் இரண்டு பக்கமும் பழைய செய்தித்தாள் விரிக்கிறேன். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் எடுத்து, ஜாலியின் இடது ஓரத்தில் மெதுவாக ஊற்றுகிறேன். பத்து விநாடிக்குள் கீழே தாளில் சொட்ட ஆரம்பிக்க வேண்டும். பிறகு வலது ஓரம். ஊற்றின தண்ணீர் சீராக வந்தால் நல்லது. தாமதமாக, துளித் துளியாக, கரிய மண்ணோடு வந்தால் வடிகால் பாதி அடைத்திருக்கிறது. மெல்லிய நைலான் கம்பியை விட்டு எடுங்கள், இரும்புக் கம்பி வேண்டாம், அது பெயிண்டைக் கீறிப் புதுத் துருவுக்கு வழி செய்யும். ஊற்றினதெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை என்றால், உடனே உள்ளே போய்க் கால்மிதியைத் தூக்கிக் கார்ப்பெட்டின் அடிப்பக்கத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். மேல்பக்கம் காய்ந்திருக்கும், அடியில் பஞ்சு நனைந்திருக்கும். ஒரு வருடம் எனக்கு வலது பக்கம் அப்படித்தான் இருந்தது. கார்ப்பெட்டை எடுத்து நான்கு நாள் காயவைத்தேன். தகடு தப்பித்தது.

அடுத்தது ஜாக்கி ஓட்டை. இந்த வண்டியில் ஜாக்கியின் கொம்பை நுழைக்க சில்லிலேயே வட்ட ஓட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் மூடி. அந்த மூடி விழுந்துபோனால் சக்கரம் வீசியடிக்கும் சேறும் தண்ணீரும் நேராகச் சில்லுக்குள் போகும். உள்ளிருந்து துரு பிடிக்கும், வெளியே பெயிண்ட் பளபளவென்றே இருக்கும். நான் முதல் முறை தோற்றது இதில்தான். சோதகர் ஒரு சின்னச் சுத்தியலை வைத்துச் சில்லின் அடியைத் தட்டிக்கொண்டே போனார். டிங், டிங், டிங் என்று வந்த சத்தம் பின் ஜாக்கி ஓட்டைக்கு ஒரு சாண் முன்னால் வந்ததும் தொப் என்று மாறியது. நின்றார். இன்னொரு தட்டு. தொப். விரலால் அழுத்தினார், கனமான அண்டர்கோட்டிங் உள்ளே போய்த் திரும்பி வந்தது, ரப்பர் மாதிரி. பின்னால் தகடே இல்லை. நான் அந்த இடத்தை அதற்கு முன்னால் எத்தனை முறை துடைத்திருப்பேன்!

அன்றிலிருந்து நானும் ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் அதே மாதிரி தட்டிப் பார்க்கிறேன். சில் முழுக்க, முன் சக்கர வளைவின் பின்பக்கம், டிக்கி தரையின் இரண்டு ஓரக் குழிகள், பின் சக்கர வளைவின் உதடு. சத்தம் மாறும் இடத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள். அங்கே பட்டி பூசியோ அலுமினியத் தகடு ஒட்டியோ ஏமாற்ற நினைக்காதீர்கள். அழுகின தகட்டை வெட்டி எடுத்து, நல்ல இரும்பு வரும் இடம் வரை போய், புதுத் தகட்டை முழுதாக வெல்டிங் செய்ய வேண்டும். வெல்டிங் செய்யும்போது வண்டி நெளியாமல் இருக்கக் கதவு வாசலுக்குக் குறுக்கே தாங்கு கம்பி கொடுக்கச் சொல்லுங்கள். கூரை இல்லாத உடலில் இதைச் செய்யாமல் சில்லை வெட்டினால் கதவு பிறகு எப்போதும் சரியாக மூடாது.

இன்னொரு சுலபமான சோதனை. வண்டி தரையில் நிற்கும்போது கதவுக்கும் பின் உடலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி இருந்தால் சந்தேகம். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்தபின் மறுபடி பாருங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மாறினாலோ, கதவு பூட்டில் இடித்தாலோ, அடியில் வலு போய்விட்டது. எஃப்.சி. இருக்கட்டும், முதலில் ஒரு நல்ல டிங்கரிங் பட்டறைக்குப் போங்கள்.

முன் சஸ்பென்ஷனையும் எஞ்சினையும் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும் விளக்கடித்துப் பாருங்கள். சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கை பொருந்தும் இடத்தைச் சுற்றி முடி அளவு வெடிப்பு விடுவது இந்த உடலுக்குத் தெரிந்த நோய். கிரீஸும் மண்ணும் மூடியிருந்தால் வெடிப்பு தெரியாது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பிரேக்

நான்கு சக்கரத்திலும் டிஸ்க். கால் பிரேக் பொதுவாக நன்றாகத்தான் பிடிக்கும். சோதனையில் மாட்டுவது இடது வலது வித்தியாசம். ரோலர்மேல் ஏற்றினால் ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பிடிக்கிறது என்று தனித்தனியாகக் காட்டும். ஒரே அச்சில் இரண்டுக்கும் 30 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஐரோப்பிய விதிப்படி தோல்வி. மற்ற பல இடங்களிலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

என் இரண்டாவது தோல்வி இது. முன் இடது சக்கரம் பிரேக்கை விட்டபின்னும் பிடித்துக்கொண்டே இருந்தது. காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) பிஸ்டன் இறுகிவிட்டது என்று ஒரு மெக்கானிக் சொல்ல, இரண்டு காலிப்பரையும் மாற்றினேன். மாறவில்லை. கடைசியில் ரப்பர் ஹோஸைக் கழற்றினோம். வெளியே பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. பிளேடால் நீளவாக்கில் கிழித்துப் பார்த்தேன். உள்சுவர் ஊறி, வீங்கி, நடுத்துளை தையல் ஊசி நுழைகிற அளவுக்குச் சுருங்கியிருந்தது. பெடலை மிதிக்கும்போது அழுத்தம் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு போகும். காலை எடுத்ததும் திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே நிற்கும். அதனால் ஹோஸ்மேல் தேதியைப் பாருங்கள். பத்து வருடம் தாண்டியிருந்தால் எப்படி இருந்தாலும் நான்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

இதை வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கடைசி அரை கிலோமீட்டரில் பிரேக்கை அதிகம் தொடாமல் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்துங்கள். புறங்கையை ஒவ்வொரு சக்கரத்தின் நடுவுக்கும் அருகே கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரம் விடாமல் பிடிக்கிறது.

பார்க்கிங் பிரேக்குக்காகப் பின்சக்கர டிஸ்க்கின் உள்ளேயே ஒரு சின்ன ட்ரம்மும் ஷூவும் தனியாக இருக்கின்றன. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் பலர் 'பி'யில் போட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள், பார்க்கிங் பிரேக்கைத் தொடவே மாட்டார்கள். வருடக்கணக்கில் தொடாமல் இருந்தால் ட்ரம் உள்ளே துருப்பிடிக்கும், ஷூ பளிங்கு மாதிரி வழுக்கும், கேபிள் உறைக்குள் இறுகும். நான் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் போடுகிறேன். சோதனைக்கு முந்தின வாரம், ஆள் இல்லாத இடத்தில், மெதுவாக உருளும்போது பார்க்கிங் பிரேக்கை லேசாகப் போட்டு இருநூறு மீட்டர் இழுத்து வருகிறேன். மேல்துரு உதிர்ந்துவிடும். நீண்ட தூரம் இழுக்காதீர்கள், சூடேறிக் கருகும்.

பிரேக் எண்ணெய் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, ஓடியிருந்தாலும் ஓடாவிட்டாலும். இரும்புக் குழாய்களில் பின் அச்சுக்கு மேலே போகும் பகுதியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். மண் தங்கும் இடம் அது, துரு அங்கேதான் முதலில் தின்னும். மாற்றுவதானால் செம்பு நிக்கல் கலந்த குழாய் போடுங்கள், திரும்ப அந்தக் கவலை வராது.

ஸ்டியரிங்கும் சஸ்பென்ஷனும்

இந்த வண்டியின் ஸ்டியரிங் பாக்ஸ் குண்டுகள் சுழலும் பழைய வகை. கொஞ்சம் பிளே, அதாவது வெற்று ஆட்டம், இருப்பது இயல்பு. வளையத்தின் ஓரத்தில் ஒரு அங்குலம் ஆடியும் சக்கரம் அசையவில்லை என்றால் அதற்குமேல் விடாதீர்கள். உடனே பாக்ஸின் மேல் இருக்கும் திருகை இறுக்கப் பலருக்குக் கை போகும். போக வேண்டாம். பாக்ஸ் கடைசிக் குற்றவாளி. சக்கரத்தைத் திருப்பும் டை ராட் கம்பியின் முனைகள், நடு இணைப்புக் கம்பி, பாக்ஸுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் ஐட்லர் ஆர்ம் புஷ், இவைதான் முதலில் தேயும். திருகை அதிகமாக இறுக்கினால் நேராக ஓடும்போது நன்றாகத் தெரியும், திருப்பத்தில் கல் மாதிரி இறுகும், கொஞ்ச நாளில் உள்பாகங்களே கெட்டுப்போகும்.

சரி, எப்படிப் பார்ப்பது? இருவர் வேண்டும். எஞ்சின் ஓடட்டும், சக்கரங்கள் தரையில் இருக்கட்டும். உள்ளே இருப்பவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் பத்துப் பதினைந்து டிகிரி மட்டும் ஆட்டிக்கொண்டே இருக்க, வெளியே இருப்பவர் ஒவ்வொரு மூட்டின் மேலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும், மூட்டுக்குள் டிக் என்று ஒரு தட்டு வரும். கையை நசுக்கக்கூடிய எந்த இடத்திலும் விரலை விடாதீர்கள். பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தால், மூட்டு இறுக்கமாக இருந்தாலும் சோதகர் எழுதுவார், எழுதுவதும் சரிதான். கிரீஸ் வெளியே போய் மண் உள்ளே போனபின் அந்த மூட்டு நீண்ட நாள் தாங்காது.

முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பயந்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். இந்த முன் பேரிங்குகள் கூம்பு வகை, இறுக்கிச் சரி செய்யக்கூடியவை. நட்டின் பக்கவாட்டில் உள்ள சின்னத் திருகைத் தளர்த்தி, டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்து, 0.01 முதல் 0.02 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும்படி நிறுத்த வேண்டும். ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் பேரிங் எரியும்.

டயர்

மாதத்துக்கு இருநூறு கிலோமீட்டர்கூட ஓடாத வண்டியில் டயரின் பட்டன் அப்படியே இருக்கும். பலரும் 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து விட்டுவிடுவார்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 3615 என்றால் 2015-இன் முப்பத்தாறாவது வாரம். மூன்று இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தின டயர், அன்றே கழற்றிப் போடுங்கள். எனக்கு நானே வைத்த எல்லை எட்டு வருடம். பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் மெல்லிய வெடிப்புகள் வாய் திறக்கும், சும்மா பார்த்தால் தெரியாது.

விளக்கு, பெல்ட், சின்ன விஷயங்கள்

பின் விளக்கின் கண்ணாடி வரிவரியாக இருப்பது அலங்காரத்துக்கு இல்லை. சேறு படிந்தாலும் பள்ளத்தில் இருக்கும் பகுதி சுத்தமாக நின்று வெளிச்சம் வரட்டும் என்று செய்தது. ஆனால் உள்ளே பல்பு பிடிப்பானின் தகடு கருத்துப்போனால் அந்த யோசனையெல்லாம் வீண். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறதா? எர்த் சரியில்லை. பல்பைக் கழற்றி, தொடும் இடங்களை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். வேறு நாட்டிலிருந்து வந்த வண்டியாக இருந்தால் முன்விளக்கின் டிம் வெளிச்சம் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று சுவரில் அடித்துப் பாருங்கள். இடப்பக்கம் ஓட்டும் ஊருக்குச் செய்த விளக்கு வலப்பக்கம் ஓட்டும் ஊரில் எதிரே வருபவர் கண்ணைக் குத்தும். திருகைத் திருப்பி இதைச் சரி செய்ய முடியாது, விளக்கையே மாற்ற வேண்டும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து இரண்டு ஓரமும் நூல் பிரிந்திருக்கிறதா என்று விரலால் வருடுங்கள். வெயில் நேராகப் படும் வண்டியில் பெல்ட் சீக்கிரம் நைந்துபோகும். வெடுக்கென்று இழுத்தால் பூட்ட வேண்டும். வைப்பர் ரப்பர், வாஷர் தண்ணீர், ஹார்ன், இவை அரை மணி நேர வேலை.

புகை

என் வண்டியில் பெட்ரோலை அனுப்புவது கே-ஜெட்ரானிக். கணினி கிடையாது, காற்று ஒரு வட்டத் தகட்டைத் தூக்கும் அளவுக்குப் பெட்ரோல் போகும். சுமார் 5 பார் அழுத்தம் என்பதால் டேங்கிலிருந்து எஞ்சின் வரை உள்ள ஒவ்வொரு ரப்பர் குழாயையும் மோந்து பார்த்துக்கொண்டே போங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் எஃப்.சி. தேதியை மறந்துவிட்டு முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாத, என் வண்டியின் காலத்து வண்டிகளுக்கு ஐரோப்பாவில் கார்பன் மோனாக்சைடு எல்லை 1986-ஐ ஒட்டி மாறுகிறது. அதற்கு முந்தியவைக்கு 4.5 சதவீதம், பிந்தியவைக்கு 3.5. நல்ல நிலையில் உள்ள எஞ்சின் சுலபமாக இந்த எல்லைக்குள் நிற்கும். நிற்கவில்லை என்றால் பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் கலவைத் திருகை உடனே தொடாதீர்கள். முதலில், எஞ்சின் சூடாகி ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல்) ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறங்கள். எஞ்சின் தடுமாற வேண்டும். தடுமாறினால் அமைப்பு காற்றுப்புகாமல் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு மாற்றமும் இல்லையென்றால் வேறு எங்கோ ஏற்கெனவே காற்று இழுக்கிறது. இன்ஜெக்டரின் ரப்பர் வளையங்களையும் காற்றளவிக்குக் கீழே உள்ள பெரிய ரப்பர் உறையையும் பாருங்கள். காற்று திருடும் ஓட்டையை விட்டுவிட்டுக் கலவையைத் திருகினால் ஐடிலில் எண் சரியாக வரும், சாலையில் எஞ்சின் இழுக்காது.

எல்லாம் சரியாக இருந்தபின் திருகு. மூன்று மில்லிமீட்டர் ஆலன் சாவி, நீளமானது. வலப்புறம் திருப்பினால் பெட்ரோல் கூடும், இடப்புறம் குறையும். கடிகாரத்தின் ஐந்து நிமிட அளவுகூட வேண்டாம், அதற்கும் குறைவாகத் திருப்பி, சாவியை வெளியே எடுத்து, ஒரு முறை ஆக்சிலரேட்டரைத் தட்டிவிட்டு அளவைப் படியுங்கள். சாவி உள்ளே இருக்கும்போது ஆக்சிலரேட்டரைத் தொடவே கூடாது.

சோதனை நாள்

காலையில் எடுத்து நேராகப் பக்கத்துத் தெருவில் உள்ள சோதனைக்கூடத்துக்குப் போவது பெரிய தவறு. குறைந்தது அரை மணி நேரம், எஞ்சின் நன்றாகச் சுற்றும் வேகத்தில் ஓட்டிவிட்டுப் போங்கள். எண்ணெய் சூடாகும், டிஸ்க்கின் மேல்துரு தேய்ந்துபோகும், சைலன்சரில் தேங்கிய தண்ணீர் வெளியேறும். டிக்கியைக் காலி செய்து வைத்திருங்கள், சோதகர் தரையைப் பார்க்கக் கேட்பார். கூரையின் பின் பிளாஸ்டிக் ஜன்னல் மங்கியிருந்தால் கூரையை மடக்கிவிட்டுப் போங்கள். ஜாக்கி ஓட்டைகளைக் காட்டி, எங்கே தூக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். இளம் சோதகர்கள் பலர் இந்த வண்டியைப் பார்த்திருக்கவே மாட்டார்கள், சொன்னால் நன்றியோடு கேட்டுக்கொள்வார்கள்.

சான்றிதழை நம்பி ஒரு எஸ்எல் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எஃப்.சி. எஞ்சினுக்குள் பார்க்காது. எட்டு சிலிண்டர் 380 எஸ்எல்லில் 1980-களின் தொடக்கத்தில் ஒற்றை வரிசை டைமிங் செயின் (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் சங்கிலி) போட்டார்கள், 1984 வாக்கில் இரட்டை வரிசைக்கு மாற்றினார்கள். ஒற்றைச் செயின் நீண்டு, அறுந்து, வால்வுகளை வளைத்த எஞ்சின்கள் உண்டு. அப்படி அறுகிற நிலையில் இருக்கும் வண்டிகூட இன்று காலை புது எஃப்.சி. வாங்கி வரலாம். செயின் மாற்றிய பில்லைக் கேளுங்கள். இல்லை என்றால் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். கூலிங் ஹோஸ், கியர் பாக்ஸ் எண்ணெய், ஏசி எதையும் அந்தக் காகிதம் சொல்லாது. அது சொல்வது, அன்றைக்கு இந்த வண்டி நிற்கும், திரும்பும், மடங்காது, பிறர் கண்ணுக்குத் தெரியும் என்பதுதான். எனக்கு அது போதுமான அளவு பெரிய விஷயம்.

தேறி வந்த அன்று மாலையே அறிக்கையின் அடிக்குறிப்புகளை ஒரு நோட்டில் எழுதிவிடுவேன். பக்கத்தில் என்ன செய்யப் போகிறேன், எந்த மாதத்துக்குள் என்று ஒரு வரி. போன முறை ஒரே ஒரு குறிப்புதான்: பின் இடது டயரின் பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்பு. அடுத்த வாரம் நான்கையும் மாற்றினேன். ஸ்டெப்னியையும் எடுத்துப் பார்த்தேன். 0609. அதையும் மாற்றினேன்.